காக்கி உடையும் மலையக வாலிபரும்

(நமது மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



சென்ற ஆண்டு இதே மேடையில் "படித்த வாலிபர் என்ன தொழிலுக்குப் போவது?" என்று ஒரு கலந்துரையாடல் நடந்தது. ஆசிரியத் தொழில் என்றார் ஒருவர். வங்கி என்றார் மற்றொருவர். கொழும்பிலே கணினி வேலை என்றார் வேறொருவர். பின்வரிசையிலிருந்த ஒரு தம்பி எழுந்து, "நான் துப்பறியும் அதிகாரியாக வேண்டும்" என்றான். சபை சிரித்தது. நாமும் சிரித்தோம். வீடு திரும்பும் வழியிலேதான் அந்தச் சிரிப்பு நம்மை உறுத்தியது. வைத்தியனாக வேண்டும் என்று ஒருவன் சொன்னால் நாம் சிரிப்பதில்லை. வழக்கறிஞனாக வேண்டும் என்றாலும் சிரிப்பதில்லை. பொலிஸ் உத்தியோகம் என்றதும் மட்டும் மலையகத்துச் சபை ஒன்று ஏன் சிரிக்கின்றது? அந்த வினாவுக்கு விடை தேடியதன் பயனே இந்த உரை.

முதலில் அந்தத் தம்பியின் ஆசை எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். திரைப்படங்களிலே அமெரிக்காவின் எப்.பி.ஐ. அதிகாரிகளைக் காண்கிறோம். 1908ஆம் ஆண்டில் தோன்றிய அந்தப் பணியகம், மாநில எல்லைகளைக் கடந்த குற்றங்களை விசாரிப்பது. நம் அயல் நாடான இந்தியாவில் 1963ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் திகதி சி.பி.ஐ. என்னும் மத்திய புலனாய்வுப் பணியகம் நிறுவப்பட்டது. அவை கூட்டாட்சி நாடுகள். மாநிலத்துக்கு ஒரு பொலிஸ், மத்திக்கு ஒரு பணியகம் என்று பிரிவு உண்டு. நமது நாடோ ஒற்றையாட்சி நாடு. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் மாகாணங்களுக்கும் பொலிஸ் அதிகாரம் உண்டு என்று எழுதியது, எழுதியது எழுதியபடியே இருக்கின்றது, நடைமுறைக்கு வரவில்லை. ஆகவே, தீவு முழுவதற்கும் ஒரே பொலிஸ் திணைக்களம். அதற்குள்ளே குற்றப் புலனாய்வுத் திணைக்களம். புறம்பே இலஞ்ச ஊழல் ஆணைக்குழு, சுங்கத் திணைக்களம், மதுவரித் திணைக்களம் ஆகியன. நமது தம்பி கனவு காணும் உத்தியோகம் இங்கேயும் இருக்கின்றது, பெயர்தான் வேறு. எப்.பி.ஐ. தேடுவது துப்பாக்கி தூக்கும் வீரரை மட்டுமன்று. கணக்கியல் கற்றவரை, சட்டம் கற்றவரை, வேற்று மொழி அறிந்தவரை, கணினி நுட்பம் வல்லவரை அது தேடுகின்றது. குற்றவாளியை ஓடிப் பிடிப்பதிலும் பார்க்க, அவன் கணக்குப் புத்தகத்தைப் படித்துப் பிடிப்பது அதிகம் என்பது இதன் பொருள்.

இனி, நமது சபை சிரித்ததற்குக் காரணம் என்ன? அதற்குச் சரித்திரம் விடை கூறும்.

1865ஆம் ஆண்டில் இலங்கையில் இரண்டு சட்டங்கள் பிறந்தன. ஒன்று, 16ஆம் இலக்கப் பொலிஸ் கட்டளைச் சட்டம். அடுத்த ஆண்டு, 1866 செப்டம்பர் 3ஆம் திகதி வில்லியம் றொபேட் காம்பெல் என்னும் ஆங்கிலேயர் தலைமைப் பதவியை ஏற்றார். இன்றும் பொலிஸ் தினம் அந்நாளிலேதான் கொண்டாடப்படுகின்றது. மற்றொன்று, அதே 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சேவை ஒப்பந்தக் கட்டளைச் சட்டம். தோட்டத்தை விட்டுச் சொல்லாமற் போன தொழிலாளியை நீதிமன்றத்தில் நிறுத்திச் சிறைக்கு அனுப்ப வழி செய்தது அது. கூலி பேசிய வேலையை விட்டு நீங்குவது வேறிடத்தில் கடனோ வழக்கோ ஆகும். இங்கு அது குற்றமாயிற்று. நம் முன்னோர் பொலிஸ்காரரை முதன்முதலில் கண்டது களவு போன பொருளை மீட்டுத் தருபவராக அன்று, ஓடியவரைப் பிடித்துக்கொண்டு வருபவராக. துண்டு முறை 1921ஆம் ஆண்டில் ஒழிந்தது. ஆனால் அச்சம் சட்டத்தோடு ஒழிவதில்லை. அது தாய்ப்பாலோடு அடுத்த தலைமுறைக்கு வருகின்றது.

1940ஆம் ஆண்டு ஜனவரி மாதம் முல்லோயாத் தோட்டத்து வேலைநிறுத்தத்திலே பொலிஸார் சுட்டதில் கோவிந்தன் என்னும் தொழிலாளி மாண்டார். அந்த விவகாரம் விசாரணைக் கமிஷன் வரை சென்றது. அன்றைய மந்திரிமாரின் ராஜிநாமாவுக்கும் வித்திட்டது. 1977ஆம் ஆண்டு மே மாதம் டெவன் தோட்டத்திலே, தோட்டக் காணி பறிபோவதை எதிர்த்து நின்ற கூட்டத்தில் சிவனு லெட்சுமணன் என்னும் இளைஞன் பொலிஸ் குண்டுக்குப் பலியானான். இவற்றைக் கேட்டு வளர்ந்த பெரியவர்களிடம் போய் "நான் பொலிஸில் சேரப் போகிறேன்" என்றால் அவர்கள் சிரிக்காமல் என்ன செய்வார்கள்? அந்தச் சிரிப்பு கேலி அன்று, காயத்தின் தழும்பு என்பதை இப்பொழுது நாம் உணருகிறோம்.

ஆனால் அச்சம் மட்டுமே காரணமாயின், துணிந்த சிலராவது போயிருப்பார்களே? போக முடியவில்லை. கதவே அடைக்கப்பட்டிருந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் நம்மவரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கிற்று. பிரசை அல்லாதவனுக்கு அரசாங்க உத்தியோகம் ஏது? 1964ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் திகதி ஏற்பட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், 975,000 பேர் என மதிப்பிடப்பட்ட நம்மவரில் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது; எஞ்சிய 150,000 பேரை 1974ஆம் ஆண்டு உடன்பாடு பாதி பாதியாகப் பிரித்தது. 1988ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கச் சட்டமும், இறுதியாக 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமும் வந்த பின்னரே இந்த அவலம் தீர்ந்தது. எண்ணிப் பாருங்கள்: 1948க்கும் 2003க்கும் இடையில் 55 ஆண்டுகள். ஒரு திணைக்களத்திலே தந்தை சேவை செய்தால் மகனுக்கு அந்த வாசல் தெரியும். மாமன் சேவை செய்தால் மருமகனுக்கு விண்ணப்பம் எழுதத் தெரியும். நமக்கு அந்தத் தந்தையும் இல்லை, மாமனும் இல்லை. இன்று வாசல் திறந்திருக்கின்றது. வழி சொல்லத்தான் ஆளில்லை.

"திறந்தால் என்ன? நமக்கு அந்த வேலை எதற்கு?" என்று கேட்பவர் உளர். அவர்களுக்கு ஒரு சம்பவம் சொல்ல விரும்புகிறோம்.

நாம் உயர்தர வகுப்பில் படித்துக்கொண்டிருந்த காலம். நமது லயத்திலே தனித்திருந்த பாட்டி ஒருவருக்கும் அடுத்த வீட்டாருக்கும் ஒரு மரக்கறித் தோட்டத்து வேலியால் தகராறு. அடுத்த வீட்டுக்காரர் தள்ளியதில் பாட்டி கானுக்குள் விழுந்து கை முறிந்தது. "நீ படிச்ச புள்ள, கூட வா ராசா" என்று நம்மை அழைத்தார். பொலிஸ் நிலையம் சென்றோம். முறைப்பாடு எழுதும் மேசையிலிருந்த கான்ஸ்டபிள் நல்ல மனிதர். "ஆச்சி, வாடி வென்ன" என்று நாற்காலி கொடுத்தார். குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். ஆனால் அவருக்குத் தமிழ் தெரியாது. பாட்டிக்குச் சிங்களம் தெரியாது. நமக்கோ ஆங்கிலம் தெரியும். மிஷன் பாடசாலையில் பத்துக் கட்டளைகளையும் ஆங்கிலத்தில் ஒப்புவித்துப் பரிசு வாங்கிய நமக்கு, "இவரைத் தள்ளினார்கள்" என்னும் ஒரு வாக்கியத்தைச் சிங்களத்தில் சொல்லத் தெரியவில்லை.

கடைவீதியிலிருந்து ஒருவர் உதவிக்கு வந்தார். பாட்டி சொல்லச் சொல்ல அவர் மொழிபெயர்த்தார், கான்ஸ்டபிள் எழுதினார், பாட்டி பெருவிரல் அடையாளம் வைத்தார். சில மாதங்களின் பின் விவகாரம் மத்தியஸ்த சபைக்கு வந்தது. அங்கே அந்த முறைப்பாடு வாசித்துத் தமிழில் விளக்கப்பட்டது. வாய்த் தர்க்கத்தின்போது தாமே வழுக்கி விழுந்ததாகப் பாட்டி கூறியிருந்தார்! மொழிபெயர்க்க வந்தவர் அடுத்த வீட்டுக்காரருக்கு மைத்துனர் முறை என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது. பாட்டி கோபிக்கவில்லை, அழவில்லை. நம்மைத் திரும்பிப் பார்த்து, "நான் வழுக்கி விழுந்தேன்னு நானா ராசா சொன்னேன்? நீயும் பக்கத்துல தானே இருந்த?" என்று கேட்டார். ஆம், பக்கத்தில்தான் இருந்தோம். அந்தக் கேள்விக்கு இன்று வரை நம்மிடம் விடையில்லை.

அங்கே அநீதி செய்தவர் யார்? கான்ஸ்டபிள் காதில் விழுந்ததை எழுதினார். சட்டம் என்ன சொல்லுகின்றது? 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின்படி, வாய்மொழியாகத் தரும் தகவலை எழுத்தில் பதிந்து, தந்தவருக்கு வாசித்துக் காட்டிய பின்னரே கையெழுத்து வாங்க வேண்டும். 1956ஆம் ஆண்டின் தனிச் சிங்களச் சட்டத்தின் காலம் போய்விட்டது. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தால் தமிழும் அரசகரும மொழி. 1988ஆம் ஆண்டின் 16ஆவது திருத்தத்தால் நிருவாக மொழி. 2007ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் திகதிக்குப் பின் சேர்ந்த அரச ஊழியர் மற்ற மொழியையும் கற்க வேண்டும் என்று சுற்றறிக்கையும் உண்டு. ஏட்டிலே எல்லாம் உண்டு. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி நுவரெலியா மாவட்டத்து மக்களில் பாதிக்கு மேற்பட்டவர் மலையகத் தமிழர். ஆனால் சட்டம் தானாக நாற்காலியில் உட்கார்ந்து முறைப்பாடு எழுதாது. எழுத ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நம்மிலிருந்தும் போக வேண்டும்.

பாட்டிக்கு நேர்ந்தது சிறு வழக்கு. பெரிய வழக்கிலே இது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஓர் உதாரணம். மட்டக்களப்பைச் சேர்ந்த நல்லரத்தினம் சிங்கராசா என்பவர் 1993ஆம் ஆண்டில் கைது செய்யப்பட்டார். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் பெற்ற குற்ற ஒப்புதல் வாக்குமூலம் ஒன்றே அவருக்கு எதிரான சாட்சியம். அது சிங்களத்தில் தட்டெழுதப்பட்டது; அவர் பெருவிரல் அடையாளம் வைத்தார்; மொழிபெயர்த்தவர் விசாரணை செய்த தரப்பைச் சேர்ந்த ஒரு கான்ஸ்டபிளே. 1995இல் 50 ஆண்டுச் சிறை. மேன்முறையீட்டில் அது 35 ஆண்டாகக் குறைந்தது. 2004ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் மனித உரிமைக் குழு, அவருக்கு நியாயமான விசாரணை கிடைக்கவில்லை என்று முடிவு கூறிற்று. சாதாரணச் சட்டத்திலே பொலிஸ் அதிகாரியிடம் கூறும் குற்ற ஒப்புதல் நீதிமன்றத்தில் செல்லாது. 1895ஆம் ஆண்டின் சாட்சியக் கட்டளைச் சட்டம் அப்படித்தான் கூறுகின்றது. அந்தக் காவலைப் பயங்கரவாதத் தடைச் சட்டம் நீக்கிற்று. காவல் நீங்கிய இடத்தில் மொழியும் இல்லையென்றால், மனிதன் தன் பெருவிரலாலேயே தனக்கு விலங்கு பூட்டிக்கொள்கிறான்.

நண்பர்களே, விசாரணை என்பது மேனாட்டார் கண்டுபிடித்த வித்தை என்று எண்ணிவிட வேண்டாம். வள்ளுவர் ஒற்றாடல் என்று ஓர் அதிகாரமே வகுத்திருக்கிறார். ஓர் ஒற்றன் கொண்டுவந்த செய்தியை மற்றோர் ஒற்றனைக்கொண்டு சரிபார்க்க வேண்டும்; ஒருவரை ஒருவர் அறியாத மூவர் சொல் ஒத்து வந்தால் மட்டுமே தெளிய வேண்டும் என்பது அவர் கருத்து. இன்றைய புலனாய்வுக் கல்லூரிகளில் முதற்பாடமாகச் சொல்லுவதும் இதுவேயன்றோ? ஒரு சாட்சியை நம்பி ஒருவனைக் குற்றவாளி ஆக்காதே என்பதே அதன் சாரம்.

அந்தப் பாடத்தை மறந்தால் என்ன நேரும் என்பதைச் சிலப்பதிகாரம் காட்டுகின்றது. நாம் அதைக் கற்பின் காவியம் என்று படிக்கிறோம். தவறான புலனாய்வின் காவியம் என்றும் அதைப் படிக்கலாம். முறைப்பாடு கொடுத்தவன் பொற்கொல்லன். களவு செய்தவனும் அவனே. அரசன் விசாரிக்கவில்லை, சிலம்பு அவன் கையிலிருந்தால் கொன்று கொண்டுவாருங்கள் என்றான். காவலர் கோவலனைப் பார்த்தார்கள். இவன் முகம் கள்வன் முகமாக இல்லையே என்று ஐயுற்றார்கள். ஐயம் வந்த இடத்தில் நின்று அரசனிடம் திரும்பியிருந்தால் மதுரை எரிந்திராது. பொற்கொல்லன் கள்வரின் தந்திரங்களை அடுக்கினான். கல்லாதவனும் குடியனுமான ஒருவன் வாளை வீசினான். பின்னர் கண்ணகி செய்தது என்ன? சிலம்பை உடைத்துக் காட்டினாள். அரசியின் சிலம்பில் முத்து; இவள் சிலம்பில் மாணிக்கம். ஒரு கணத்தில் செய்திருக்கக்கூடிய சோதனை! அதை முன்பே செய்யாததால் ஓர் உயிர் போயிற்று. ஓர் அரசு போயிற்று. அந்தக் கண்ணகியைத்தான் நம் சிங்களச் சகோதரர் பத்தினித் தெய்வம் என்று இன்றும் வழிபடுகின்றனர். நீதி கேட்ட பெண்ணுக்கு இரண்டு மொழியிலும் கோயில் கட்டிய நாட்டிலே, நீதி கேட்கும் பாட்டிக்கு இரண்டு மொழியிலும் ஒரு மேசை இருக்கக் கூடாதா?

நிற்க. போக வேண்டும் என்று சொல்லுவது எளிது. ஆயத்தம் எப்படி என்பதே கேள்வி. பொலிஸ் சேவையில் நுழையப் பொதுவாக மூன்று படிகள் உண்டு. சாதாரண தரம் சித்தியடைந்தவர் கான்ஸ்டபிளாகலாம். உயர்தரம் சித்தியடைந்தவர் உப பொலிஸ் பரிசோதகராகலாம். பட்டதாரி போட்டிப் பரீட்சை எழுதி உதவிப் பொலிஸ் அத்தியட்சகராகலாம். வயது, உயரம், மார்பளவு, பார்வை முதலியன ஒவ்வொரு பதவிக்கும் வெவ்வேறு. அவ்வப்போது மாறுவனவும் ஆகும். ஆகவே வர்த்தமானி அறிவித்தலை வாசிக்கும் பழக்கமே முதல் ஆயத்தம். "ஆள் எடுக்கிறார்களாம்" என்று கடைவீதியில் கேள்விப்பட்டு, முடிவுத் திகதிக்கு மறுநாள் தபாற் கந்தோருக்கு ஓடியவர் நம்மில் எத்தனை பேர்!

இரண்டாவது ஆயத்தம், பத்திரங்கள். இது சிறு விடயமாகத் தோன்றும். ஆனால் நம்மவர் அதிகம் இடறுவது இங்கேதான். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், பாடசாலைப் பதிவில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர். தமிழ்ப் பெயரை வேற்று மொழியில் காதால் கேட்டு எழுதியதால் முத்தையா ஓரிடத்தில் முத்துவாகவும், மாரியாயி ஓரிடத்தில் மாரியாகவும் நிற்கிறார்கள். பரீட்சையில் வென்று, ஓட்டத்தில் வென்று, கடைசியில் ஓர் எழுத்தினால் தோற்கலாமா? சாதாரண தரப் பரீட்சைக்கு முன்பே பெற்றோர் பிள்ளையின் பத்திரங்களை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்; பிழையிருந்தால் பிரதேச செயலகத்துக்குச் சென்று திருத்த வேண்டும்.

மூன்றாவது, மொழி. சிங்களம் கற்க வேண்டும். சிலருக்கு இது கசக்கும். நம் மொழியை அவர்கள் கற்றார்களா என்று கேட்பார்கள். கேட்பது நியாயமே, கேட்டுக்கொண்டே இருப்போம். ஆனால் பாட்டியின் பக்கத்தில் மௌனமாக நின்றவர் நாமே என்பதால் சொல்லுகிறோம்: மொழி கற்பது பணிந்து போவது அன்று. இரு மொழியும் எழுதத் தெரிந்த அதிகாரியை எந்த மொழிபெயர்ப்பாளனும் ஏமாற்ற முடியாது. கூடவே தமிழைப் பிழையற எழுதவும் கற்க வேண்டும். "அடித்தான்", "அடிக்க வந்தான்" என்னும் இரண்டுக்கும் நீதிமன்றத்தில் உள்ள தூரம் சிறைச்சாலை வாசல் வரைக்கும் நீளும். ஆங்கிலமும் வேண்டும், சட்ட நூல்களும், கணினிக் குற்றங்கள் பற்றிய புதிய அறிவும் பெரும்பாலும் அம்மொழியில் இருக்கின்றன. 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் வந்த பின் களவு கன்னக்கோலோடு வருவதில்லை, கைத்தொலைபேசியில் வருகின்றது. வெளிநாட்டு வேலை என்றும், பரிசு விழுந்தது என்றும் நம் தாய்மாரின் சேமிப்பைக் கரைப்பவரைத் தேடிப் பிடிக்க அந்த அறிவு வேண்டும்.

நான்காவது, உடல். இங்கே நாம் பெரியவர்களைப் பார்த்துப் பேச வேண்டியிருக்கிறது. கொழுந்து மலை ஏறி இறங்கிப் பாடசாலை சென்ற கால்களுக்கு ஓட்டப் பரீட்சை பெரிதன்று. உயரம் அப்படியன்று, அதைப் பயிற்சியால் பெற முடியாது. 2016ஆம் ஆண்டின் குடிசனவியல் சுகாதார ஆய்வு கூறுகின்றது: ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர் நாடு முழுவதும் நூற்றுக்கு 17 பேர், தோட்டப் புறத்திலே நூற்றுக்கு 32 பேர். பதினெட்டு வயதிலே அளவுகோலின் கீழ் நின்று நம் தம்பி தோற்பது உண்மையில் இரண்டு வயதிலேயே முடிவாகிவிடுகின்றது. தேயிலைச் சாயமும் கோதுமை ரொட்டியும் மட்டும் பிள்ளையை வளர்க்கா. முட்டையும், பருப்பும், கீரையும், பாலும் பிள்ளையின் வாய்க்குப் போக வேண்டும். அதற்குத் தகுந்த கூலி வேண்டும் என்பது வேறு கதை. ஆனால் கிடைக்கும் கூலியிலே சாராயக் கடைக்குப் போகும் பங்கைப் பற்றியாவது நாம் பேசலாமே.

ஐந்தாவது, நாணயம். சேரும் முன்னர் அதிகாரிகள் விண்ணப்பதாரியைப் பற்றி விசாரிப்பார்கள். திருவிழாவில் அடிபிடி, கசிப்பு விவகாரம், முகநூலில் ஒருவரை இழித்து எழுதியது, எல்லாம் பின்னால் வரும். விசாரணைக்காக மட்டும் ஒழுக்கமாக இருப்பவன், சேர்ந்த பின் ஒழுக்கத்தை விட்டுவிடுவான். இலஞ்சம் வாங்க மாட்டேன் என்னும் உறுதியைக் காக்கி உடை போட்ட பின் எடுப்பது கடினம். கடையில் மிச்சச் சில்லறை கூடுதலாக வந்தால் திருப்பிக் கொடுக்கும் பழக்கத்திலிருந்து அது வளர வேண்டும்.

சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. இந்நாட்டுப் பொலிஸ் சேவையில் பெண்கள் 1952ஆம் ஆண்டிலேயே சேர்க்கப்பட்டனர். 2020ஆம் ஆண்டில் முதன்முறையாக ஒரு பெண் பிரதிப் பொலிஸ் மா அதிபரானார். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் லயத்துப் பெண்ணுக்கும் உரியது. குடித்துவிட்டு வந்த கணவன் அடித்ததை, அறிமுகமில்லாத ஆண் ஒருவரின் மொழிபெயர்ப்பு மூலம் எந்தப் பெண் மனம் திறந்து சொல்லுவாள்? அவள் மொழியறிந்த ஒரு பெண் அதிகாரி அந்த மேசையில் இருந்தால் எத்தனை வீடுகள் திருந்தும்!

இறுதியாக ஒரு மறுப்புக்கு விடை கூற வேண்டும். நமது மன்றத்துப் பெரியவர் ஒருவர் இந்த உரையின் குறிப்பைப் படித்துவிட்டு, "தம்பி, நாளைக்கு ஒரு வேலைநிறுத்தம் நடக்கும். நம் சனம் ரோட்டில் நிற்கும். எதிரே தடியோடு நம் பிள்ளை நிற்பான். அப்பொழுது அவன் யார் பக்கம்?" என்று கேட்டார். இதைவிடக் கடினமான கேள்வி இல்லை. அவன் சட்டத்தின் பக்கம் என்று எளிதாகச் சொல்லி நழுவ நமக்கு விருப்பமில்லை. கோவிந்தனைச் சுட்டவர்களும் சட்டத்தின் பக்கம் நின்றதாகத்தான் எண்ணியிருப்பார்கள். முல்லோயாவிலும் டெவனிலும் நம் மொழி தெரிந்த அதிகாரி இருந்திருந்தால் அந்த உயிர்கள் தப்பியிருக்கும் என்று அறுதியிட்டுக் கூறவும் நாம் வரவில்லை. ஆனால் இது மட்டும் சொல்லுவோம். கூட்டத்தின் கூச்சல் எதிரே நிற்பவனுக்குப் புரியாதபோது அது வெறும் இரைச்சல். புரியும்போது அது கோரிக்கை. இரைச்சலை அடக்கத் தோன்றும். கோரிக்கையைக் கேட்கத் தோன்றும். நம் பிள்ளை அங்கே நிற்பது நம்மவருக்குச் சலுகை காட்டுவதற்கன்று. சலுகை காட்டினால் அவனும் அந்தக் கடைவீதி மொழிபெயர்ப்பாளனும் ஒன்றே. கேட்டதைக் கேட்டபடி எழுத வேண்டும், கண்டதைக் கண்டபடி சொல்ல வேண்டும்; அவ்வளவே நாம் அவனிடம் எதிர்பார்ப்பது. அவன் தனியொருவனாக நின்றால் அது கடினம். அதனால்தான் ஒருவர் போதாது, பலர் போக வேண்டும் என்கிறோம்.

மன்றத்துக்கு நமது வேண்டுகோள் மூன்று. ஞாயிறு காலைத் திருமுறை வகுப்பின் பின் ஒரு மணி நேரம் சிங்கள வகுப்பு நடத்துக. வர்த்தமானி அறிவித்தல்களை எடுத்து ஆலய வாசல் அறிவித்தற் பலகையில் ஒட்டுக. பத்திரம் திருத்த வேண்டியோரின் பட்டியல் தயாரித்து, ஆண்டுக்கு ஒரு முறை மன்றத்தாரே அவர்களைப் பிரதேச செயலகத்துக்கு அழைத்துச் செல்க. இவற்றுக்குப் பெரும் பொருள் வேண்டாம், முயற்சி வேண்டும்.

அந்தப் பாட்டி இன்று இல்லை. அவர் கேட்ட கேள்வி இருக்கின்றது. சென்ற ஆண்டு பின்வரிசையில் எழுந்த தம்பி இன்று முன்வரிசையில் அமர்ந்திருக்கிறான். உயர்தரப் பரீட்சை எழுதியிருக்கிறான். மாலையில் தோட்டத்து மைதானத்தைச் சுற்றி ஓடுகிறான். அவனைப் பார்த்து இம்முறை நாம் சிரிக்க மாட்டோம். ஒரு நாள் ஏதோ ஒரு நிலையத்தின் மேசையில் அவன் அமர்ந்து, எதிரே நிற்கும் பாட்டியிடம், "சொல்லுங்க ஆயா, நீங்க சொல்ற மாதிரியே எழுதுறேன்" என்று கூறுவானாயின், நமது மன்றம் ஓர் ஆலயம் எழுப்பிய புண்ணியத்தைப் பெறும்.